கடலுக்கு ஒரு துபாஷி

புதுவை நகரத்தின் சரித்திரத்தில் கவர்னர்கள் பலர் வந்து போயிருக்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேரை ஜனங்கள் மறந்து போனார்கள். ஆனால் கவர்னரின் பக்கத்திலே நின்ற ஒரு தமிழரை இன்னும் மறக்கவில்லை. அவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. டூப்ளேக்ஸ் காலத்தில் பிரெஞ்சுக் கம்பெனிக்குப் பெரிய துபாஷியாக விளங்கியவர். 1736 முதல் 1761 வரையில் தாம் கண்டதையும் கேட்டதையும் தமிழிலே நாட்குறிப்பாக எழுதி வைத்தவர்.

துபாஷி என்றால் இரண்டு பாஷை அறிந்தவர் என்று பொருள். ஆனால் இரண்டு பாஷைகளின் வார்த்தைகளைத் தெரிந்துகொண்டால் மட்டும் ஒருவர் நல்ல துபாஷி ஆகிவிட முடியாது. இந்தப் பக்கத்தார் எதற்கு அஞ்சுகிறார்கள், அந்தப் பக்கத்தார் எதை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரு பக்கத்தாரும் அவரை நம்ப வேண்டும். நம்பிக்கை போன பிறகு துபாஷிக்கு நூறு பாஷை தெரிந்தும் பயன் இல்லை.

கம்பெனி போய்விட்டது. 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி பிரெஞ்சு நிர்வாகமும் புதுவையை விட்டுப் போய்விட்டது. துபாஷி உத்தியோகமும் இப்போது கிடையாது. ஆயினும் அந்த உத்தியோகத்தின் அவசியம் மட்டும் போகவில்லை என்பது நமது அபிப்பிராயம். புதுவைக் கடற்கரையில் இன்று இரு சாரார் இருக்கிறார்கள். ஒரு சாரார் கடலை அளக்கிறவர்கள், விஞ்ஞானிகள். மற்றொரு சாரார் கடலிலே பிழைக்கிறவர்கள், மீனவர்கள். இருவரும் ஒரே கடலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்குவதில்லை. இடையிலே, மாலை நேரத்தில் காந்தி சிலையடியில் காற்று வாங்கப் போகும் நம்மைப் போன்ற குடும்பத்தார் இருக்கிறோம். நமக்கோ இரண்டு பாஷையும் அரைகுறை!

அப்படி விஞ்ஞானிகள் என்னதான் சொல்லுகிறார்கள்? கடல் நீரின் குணம் மாறி வருகிறது என்கிறார்கள். இயந்திர யுகம் தொடங்குவதற்கு முன்னால் ஆகாயத்தில் பத்து இலட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து எரித்து இப்போது அது 420-ஐத் தாண்டிவிட்டது. மனிதர் வெளியே விடும் இந்த வாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைச் சமுத்திரம் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த உபகாரம் இல்லாவிட்டால் பூமி இதைவிட அதிகமாகச் சுட்டிருக்கும். ஆனால் உபகாரம் செய்தவருக்கே அது வினையாக வந்து முடிவதும் உலக வழக்கந்தானே? நீரிலே கரையும் வாயு அமிலமாகிறது. தமிழிலே இதைத் தனியாக விளக்க வேண்டியதே இல்லை. 'கரியமில வாயு' என்ற பெயருக்குள்ளேயே 'அமிலம்' உட்கார்ந்திருக்கிறது. எத்தனையோ முறை அந்த வார்த்தையைச் சொல்லியும், அதைப் பிரித்துப் பார்க்கத்தான் நமக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

நேயர்கள் விரும்பினால் இதை வீட்டிலேயே பரீட்சை செய்து பார்க்கலாம். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்; சுண்ணாம்பு குழந்தைகளின் கண்ணில் பட்டுவிடக் கூடாது. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைப் போட்டு, விரல் நுனியில் ஒட்டும் அளவுக்கு மட்டும் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரையுங்கள். ஆரத்தித் தண்ணீர் சிவந்துவிடும். இனி அதிலே கோலி சோடாவைக் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றுங்கள். சிவப்பு மறைந்து மஞ்சள் நிறம் திரும்பி வரும். சோடாவில் அடைத்திருப்பது கரியமில வாயு. அது சுண்ணாம்பின் காரத்தை அடக்கிவிட்டது. கடலிலே நடப்பதும் இந்தத் திசையில் நடக்கும் காரியந்தான். திசைதான் ஒன்றே தவிர, அளவு ஒன்றல்ல. டம்ளரில் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுவது, கடலில் இருநூறு வருஷமாகச் சிறுகச் சிறுக நடந்து வருகிறது.

அளவு எவ்வளவு என்று கேட்டால், விஞ்ஞானிகள் 'பி.எச்.' என்ற கணக்கைச் சொல்லுவார்கள். முன்பு கடலின் மேற்பரப்பு நீர் சராசரியாக 8.2, இப்போது சுமார் 8.1. "இவ்வளவுதானா! பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் துபாஷி குறுக்கிட வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறுகிறது என்று அர்த்தம். ஆகவே பத்தில் ஒரு படி இறக்கம் என்பது ஏறத்தாழ 30 சதவிகித ஏற்றம். வீட்டில் ஒருவருக்கு உடம்பு நாலு டிகிரி ஏறிவிட்டது என்றால், நாலுதானே என்று யாரும் சும்மா இருப்பதில்லை. எண் சிறியதா பெரியதா என்பதல்ல கேள்வி. அந்த எண் எதை அளக்கிறது என்பதே கேள்வி.

எண்ணைக் காட்டிலும் பெரிய தொந்தரவு பெயரிலே இருக்கிறது. 'கடல் அமிலமாகிறது' என்று கேட்டதும் நம் ஜனங்களுக்குத் திராவகம் நினைவுக்கு வரும். காலை நனைத்தால் தோல் வெந்து போகுமோ, மீனைத் தின்றால் வயிறு எரியுமோ என்று கவலைப்படுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கடல் நீர் இன்றும் காரப் பக்கத்திலேதான் நிற்கிறது. அமிலப் பக்கம் போய்விடவில்லை. அந்தப் பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவே. பால் புளிக்கத் தொடங்கியதும் தயிராகிவிடுவதில்லை. ஆனால் புளிப்பு ஏறுகிறது என்பதை வீட்டுப் பெண்மணிகள் நமக்கு முன்பே தெரிந்துகொள்வார்கள். ஆகையால் 'கடலுக்குப் புளிப்பு ஏறுகிறது' என்று சொல்லலாமென்று நமக்குத் தோன்றுகிறது. பயமுறுத்தாத வார்த்தை, ஆனால் பொய்யும் சொல்லாத வார்த்தை.

சரி, புளிப்பு ஏறினால் யாருக்கு என்ன நஷ்டம்? சிப்பி, ஆளி, சங்கு, பவளப்பூச்சி முதலிய ஜீவன்கள் கடல் நீரிலிருந்து சரக்கு எடுத்துத் தங்கள் ஓட்டைக் கட்டிக்கொள்கின்றன. புதுவையில் பழைய வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சரக்கைத் தெரியும். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பினால்தான் நம் முன்னோர்கள் சுவருக்குக் கண்ணாடிபோல் மெருகு ஏற்றினார்கள். அதாவது சிப்பி தனக்குக் கட்டிய வீட்டை உடைத்துத்தான் நாம் நமக்கு வீடு கட்டினோம்! கடலில் புளிப்பு ஏற ஏற, ஓடு கட்டுவதற்கு வேண்டிய சரக்கு நீரில் குறைந்துகொண்டே போகிறது. சுண்ணாம்பு கிராக்கியானால் கொத்தனார் என்ன செய்வார்? வேலை தாமதமாகும், சுவர் மெலியும், செலவு ஏறும். சிப்பிக் குஞ்சும் அதே கதிக்குத்தான் ஆளாகிறது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆரிகன் மாகாணத்தில், இது வியாபாரமாகவே வெளிப்பட்டது. அங்கே சிப்பிக் குஞ்சு பொரித்து விற்கும் பண்ணை ஒன்றில், 2007-ம் ஆண்டுவாக்கில் குஞ்சுகள் கோடிக்கணக்கில் மடியத் தொடங்கின. முதலில் ஏதோ கிருமி என்று நினைத்தார்கள். பிறகு விஞ்ஞானிகள் நீரைச் சோதித்தபோது, ஆழத்திலிருந்து மேலே வரும் புளிப்பேறிய நீர்தான் காரணம் என்று தெரிந்தது. பண்ணைக்காரர்கள் நீரை அளக்கும் கருவிகளை வைத்தார்கள், கெட்ட நீர் வரும் வேளையில் சோடா உப்பைச் சேர்த்து அதைச் சரி செய்தார்கள், பண்ணை பிழைத்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. நூறு பிரசங்கங்கள் செய்யாததை, 'என் குஞ்சுகள் ஏன் செத்தன?' என்று ஒரு வியாபாரி கேட்ட கேள்வி செய்தது. தமக்கு வேண்டிய கேள்விக்கு விடையாக வந்தபோது, விஞ்ஞானம் அவர்களுக்கு உடனே விளங்கிற்று.

இனி புதுவைக்கே திரும்புவோம். இங்கே துபாஷிக்கு ஒரு பெரிய சோதனை காத்திருக்கிறது. நகரத்துக் கடற்கரையில் மணல் போய்விட்டதே, கருங்கற்கள் மட்டும் கிடக்கின்றனவே என்று யாராவது கேட்டால், "எல்லாம் பருவநிலை மாற்றந்தான்" என்று பதில் சொல்லுவது இப்போது வழக்கமாகிவிட்டது. சொல்லுகிறவருக்குச் சுலபம், கேட்கிறவருக்கும் திருப்தி. ஆனால் அது உண்மை அல்ல.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவது கிடையாது. தென்றல் காலத்தில் அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன. வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே தள்ளுகின்றன. கணக்குப் பார்த்தால் வருஷந்தோறும் இலட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பத்து ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்களைக் கட்டினார்கள். மணலின் பாதை அடைபட்டது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரத்தின் கரை கரைந்தது. நகரத்தைக் காப்பாற்றக் கற்களைக் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து மீனவக் குப்பங்களின் வாசலை எட்டியது. பின்னர் 2018-ல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் ஓர் எஃகுத் தடுப்பை இறக்கினார்கள். அதன் பின் அந்த இடத்தில் மணல் மறுபடியும் சேர்ந்தது. மனிதர் செய்ததினால் போன மணல், மனிதர் செய்ததினால் ஓரளவு திரும்பி வந்தது. இதிலே ஆகாயத்தைக் குற்றம் சொல்லுவது, திருடனை விட்டு வழிப்போக்கனைப் பிடிப்பதற்குச் சமானம்.

ஆனால் வழிப்போக்கனும் முழுக்க நிரபராதி என்று நாம் சொல்லவில்லை. உலகமெங்கும் கடல் மட்டம் 1901 முதல் 2018 வரையில் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. மணலை இழந்த கரைக்கு உயரும் கடல் இரட்டைச் சுமை. 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் புதுவைக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்காக நகராமல் நின்று, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் புயலை உண்டாக்கியதே வெப்ப உயர்வுதான் என்று சொல்லிவிட முடியாது. புயல் நமக்குப் புதிதல்ல. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது ஏறத்தாழ 7 சதவிகிதம் அதிக நீராவியைச் சுமக்க முடியும் என்பது உறுதியான கணக்கு. பெய்கிற மழை கனத்துப் பெய்யும்.

ஆகவே வழக்குகள் மூன்று. மணல் போனது: முதற்குற்றவாளி துறைமுகச் சுவர். மழை கனத்தது: வெப்பம் உடந்தை. கடல் புளிப்பது: கரியமில வாயுவே நேரான குற்றவாளி. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஜனங்களின் தலையில் வைத்தால் என்ன ஆகும்? மணல் விஷயத்தில் உண்மை இன்னதென்று மீனவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கண் முன்னால்தான் சுவர் எழுந்தது. அந்த ஒன்றிலே நாம் தவறாகச் சொன்னால், மற்ற இரண்டிலே நாம் சொல்லும் நிஜத்தையும் அவர் நம்ப மாட்டார். நம்பாததில் நியாயமும் உண்டு.

நம்பிக்கையின் விலை என்ன என்பதைப் புதுவைக் கிராமங்களே உலகத்துக்குக் காட்டியிருக்கின்றன. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் புதுவைச் சுற்று வட்டாரத்தில் அறிவு மையங்களை ஏற்படுத்தத் தொடங்கினார்கள். மீனவ ஊராகிய வீராம்பட்டினத்தில் ஜனங்களுக்கு எந்தத் தகவல் வேண்டும் என்று பார்த்தால், அலையின் உயரம் என்று தெரிந்தது. அமெரிக்கக் கடற்படையார் இணையத்தில் வெளியிட்டு வந்த அலைக் கணக்கை எடுத்து, தமிழிலே சொல்லி, ஒலிபெருக்கி வழியாக ஊரெல்லாம் கேட்கும்படி வாசித்தார்கள். எங்கோ ஓர் அந்நியக் கப்பற்படைக்காகத் தயாரான கணக்கு, வீராம்பட்டினத்தில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் ஒருவர் 'இன்று போகலாமா, வேண்டாமா' என்று தீர்மானிப்பதற்குப் பயன்பட்டது. துபாஷி வேலை என்பது இதுதான். பிறகு 1999-ல் ஐதராபாத்தில் நம் தேசத்துக்கே ஒரு சமுத்திரத் தகவல் நிலையம் ஏற்பட்டது. அந்நியர் கணக்கை எதிர்பார்த்திருக்க வேண்டிய நிலைமை மாறியது.

அந்த ஒலிபெருக்கிகளில் ஒன்று நல்லவாடு கிராமத்தில் இருந்தது. 2004 டிசம்பர் 26-ந் தேதி காலையில், சிங்கப்பூரில் வேலையாயிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியை அறிந்து வீட்டுக்கு டெலிபோன் செய்தார். ஊரார் அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியிலே அபாயத்தை அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,600 ஜனங்கள் உள்ளே ஓடி உயிர் பிழைத்தார்கள். அந்தக் காலையில் யாரும் நின்று விவாதிக்கவில்லை. ஏன்? பல வருஷங்களாக அலை உயரத்தையும் அன்றாடச் செய்திகளையும் உள்ளது உள்ளபடி சொல்லி வந்த குரல் அது. தினந்தோறும் சின்ன விஷயத்திலே நிஜம் பேசிய குரலைத்தான் பெரிய ஆபத்தின் போது ஜனங்கள் நம்புகிறார்கள்.

அலை மூன்று மணி நேரத்தில் வருகிறது. புளிப்போ மூன்று தலைமுறையில் வருகிறது. அலைக்கு ஓடிப் பிழைக்கலாம். புளிப்புக்கு ஓட இடமில்லை. ஆகையால் இரண்டாவது செய்தியைச் சொல்லுவது முதலாவதைவிடக் கடினம். ஆனாலும் வழி ஒன்றே என்று நாம் கருதுகிறோம். புதுவைக் கடற்கரைச் சாலையிலே, ஜனங்கள் உலாவும் இடத்திலே, ஒரு கரும்பலகை இருக்கட்டும். இன்றைய கடல் நீரின் சூடு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, அலை எவ்வளவு என்று அதிலே தமிழில் எழுதட்டும். போன வருஷம் இதே நாளில் எவ்வளவு இருந்தது என்பதையும் பக்கத்திலே எழுதட்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே நீர் எடுத்து வந்து அளக்கலாம். பிள்ளைகளின் கருவிக்கு நுட்பமான வித்தியாசம் அகப்படாது. அதற்கு விஞ்ஞானிகளின் கருவி வேண்டும். ஆனால் கடலை அளக்க வேண்டும் என்ற பழக்கம் அகப்படும். வங்கக் கடலின் நடுவிலே 2013 முதல் ஒரு மிதவை இந்த வேலையைச் செய்திருக்கிறது. அந்தக் கணக்குகளைப் படித்தவர் நம் குடும்பங்களில் எத்தனை பேர்?

இன்னொன்று. துபாஷி என்பவர் ஒரு பக்கத்தின் பேச்சை மட்டும் மறுபக்கத்துக்குச் சொல்லுகிறவர் அல்லர். மீனவர் பேச்சும் விஞ்ஞானிக்குப் போக வேண்டும். கொண்டல், கச்சான், வாடை என்று காற்றுக்குப் பெயர் வைத்து, கடலோட்டத்துக்கு நீவாடு என்று பெயர் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறவர்கள் அவர்கள். எந்த மீன் எந்த மாதத்தில் வருவது தப்பிப் போயிற்று என்பதை அவர்களிடமும், சந்தையில் கூடை வைத்து விற்கும் பெண்களிடமும் கேட்டு எழுதிக்கொள்ளாத ஆராய்ச்சி பாதி ஆராய்ச்சிதான்.

கடைசியாக, நமக்கே கொஞ்சம் கசக்கக் கூடிய ஒரு விஷயம். கட்டுமரத்தில் போகிறவரிடம் போய், 'கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் ஐயா' என்று உபதேசம் செய்வதைப் போல் தமாஷ் வேறில்லை. அவர் வீட்டு விளக்கும் அடுப்பும் எரித்த கரி எவ்வளவு? பெரிய தேசங்களின் ஆலைகள் எரித்தது மலையளவு. நம் தேசத்தில் மின்சாரமும் மோட்டாரும் குளிர்சாதனமும் உபயோகிக்கிற நம்மைப் போன்றவர்கள் எரிப்பது மேட்டளவு. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை மறைத்துச் சொல்லும் செய்தி, செய்தி ஆகாது. குப்பத்துக்கு எச்சரிக்கையும், நமக்கு யோசனையும், பெரிய ஆலைகளுக்கும் சர்க்கார்களுக்கும் கட்டளையும் என்று, அவரவர்க்கு உரியதை அவரவரிடம் சொல்ல வேண்டும்.

பாரதியார் 1908 முதல் பத்து வருஷம் வாழ்ந்து, எளிய தமிழிலே எதையும் சொல்ல முடியும் என்று காட்டிய ஊர் புதுவை. ஆனந்தரங்கப் பிள்ளை கண்டதைக் கண்டபடி தமிழில் எழுதிய ஊரும் அதுவே. கடலுக்கு ஒரு துபாஷி கிடைக்க வேண்டுமானால் இந்த ஊரிலே கிடைக்காமல் வேறு எங்கே கிடைப்பார்? அவருக்கு நாம் சொல்லக் கூடியது ஒன்றுதான்: கடல் சொல்லாததை நீங்கள் சேர்க்க வேண்டாம், சொன்னதைக் குறைக்கவும் வேண்டாம். கேட்பதற்கு ஜனங்கள் இருக்கிறார்கள்.